இரண்டு மணி நேரக் கணக்கு

நிறைமாதக் கர்ப்பிணியின் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. கருவுறாத நாளில் எழுபது கிராம் அளவே இருக்கும் ஓர் உறுப்பு, ஒன்பது மாதத்தில் ஒரு கிலோவை எட்டி, இதயம் தள்ளும் இரத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனக்கென்று வாங்கிக்கொள்கிறது. பிள்ளை பிறந்து நஞ்சு பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடம் பச்சைப் புண்ணாகக் கிடக்கிறது. அங்கே வந்து முடிந்த நாளங்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கின்றன. தாயின் உடலில் அப்போது இருக்கும் மொத்த இரத்தமே ஆறு லிட்டர் அளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பிள்ளைப்பேற்றை மறுபிறப்பு என்று பாட்டிமார் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. ஆனாலும் பெரும்பாலான தாய்மார் அரை லிட்டர்கூட இழக்காமல் சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார்கள். எப்படி?

கர்ப்பப்பையின் நடு அடுக்கில் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. இரத்தநாளங்கள் அந்தப் பின்னலின் கண்ணிகளுக்குள் நுழைந்துதான் நஞ்சை அடைகின்றன. பிள்ளை வெளியே வந்ததும் தசை சுருங்குகிறது. கண்ணிகள் இறுகுகின்றன, நாளங்கள் நெரிபட்டு மூடிக்கொள்கின்றன. கையில் கத்தி பட்டால் இரத்தம் உறைந்து நிற்கும். இங்கே உறைவது பிறகுதான், முதல் வேலை தசையுடையது. மருத்துவப் பாடநூல்கள் இதை உயிருள்ள கட்டு என்றே அழைக்கின்றன. அந்தத் தசையைச் சுருங்கும்படி ஏவுவது மூளையிலிருந்து வரும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பிறந்த கையோடு பிள்ளையை மார்பில் போட்டுப் பால் குடிக்கவிட்டால் அது மேலும் சுரக்கும்.

சிலருக்கு இந்தத் தசை சோர்ந்துபோகிறது. இரட்டைப் பிள்ளை, நெடுநேர வலி என்று சில காரணங்கள் உண்டு. எந்தக் காரணமும் இல்லாமலும் நடக்கும். இன்னாருக்கு நடக்கும் என்று முன்கூட்டியே குறித்துவைக்க முடியாது என்பதுதான் இதன் பயங்கரம். உலகில் பேறுகாலத்தில் இறக்கும் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இரத்தப்போக்கால்தான் இறக்கிறார்கள்.

தாய்மார் மரணத்தை ஆராய்ந்தவர்கள் ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு கெடு கணக்கிட்டிருக்கிறார்கள். வைத்தியமே இல்லாவிட்டால், தொடங்கிய நேரத்திலிருந்து சாவு வரை சராசரியாக எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கணக்கு அது. பிள்ளை வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்ட பிரசவத்துக்கு மூன்று நாள். பேறுகால வலிப்புக்கு இரண்டு நாள். கிருமித்தொற்றுக்கு ஆறு நாள். கர்ப்பப்பை கிழிந்துவிட்டால் ஒரு நாள். பிரசவத்துக்கு முன் வரும் இரத்தப்போக்குக்குப் பன்னிரண்டு மணி நேரம். பிரசவத்துக்குப் பின் வருவதற்கு இரண்டே மணி நேரம்.

இந்தக் கெடுக்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மருத்துவமனை என்பதன் பொருளே மாறிவிடுகிறது. கட்டடம், படுக்கை, கருவி எல்லாம் இரண்டாம் பட்சம். வீட்டில் ஒருத்திக்கு இரத்தம் பெருகத் தொடங்கிய நிமிடத்துக்கும், சரியான ஆள் சரியான மருந்தோடு அவள் அருகே நிற்கும் நிமிடத்துக்கும் இடையே உள்ள நேரத்தைக் குறைப்பதுதான் மருத்துவமனை. போர் வந்தால் அந்த நேரம் நீள்கிறது. பாலம் உடைகிறது, செவிலியர் ஓடிவிடுகிறார், மின்சாரம் போகிறது, இரவில் வெளியே இறங்கப் பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றும் சில மணி நேரத்தைத் தின்கிறது. ஆப்கானிஸ்தானில் 1999 முதல் 2002 வரையிலான காலத்துக்கு ஓர் ஆய்வு நடந்தது. காபூலில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 418 தாய்மார் இறந்திருந்தார்கள். பதக்‌ஷான் மலைகளில் உள்ள ராக் என்ற வட்டாரத்தில் 6,507 பேர். ஒரே நாடு, ஒரே போர். ராகில் சாலை இல்லை, அதுதான் பெரிய வேறுபாடு.

செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் முதல் தாமதம். போய்ச் சேர்வதில் இரண்டாவது. சேர்ந்த பிறகு அங்கே கவனிப்புக் கிடைப்பதில் மூன்றாவது. இன்றுவரை உலகம் முழுவதும் தாய்நலத் திட்டங்கள் இந்த மூன்றைச் சுற்றியே வகுக்கப்படுகின்றன. அவர்கள் கட்டுரை வெளிவந்த ஆண்டு 1994. அதே ஆண்டு ஏப்ரலில்தான் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் குன்றுகளால் நிறைந்த சின்ன நாடு ருவாண்டா. பரப்பு இருபத்தாறாயிரம் சதுர கிலோமீட்டர்தான். அங்கே சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி மக்கள். அடைக்கலம் என்று நம்பி ஓடிய தேவாலயங்களிலும் மருத்துவமனைகளிலும்கூடக் கொலை நடந்தது. பாலியல் வன்முறை ஆயுதமாகவே பயன்பட்டது, அதோடு எச்.ஐ.வி.யும் பரவியது. மருத்துவர்களும் செவிலியரும் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், அல்லது எல்லை தாண்டி ஓடினார்கள்.

பதிவேடுகள் அழிந்துபோன நாட்டில் எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்று எப்படி எண்ணுவது? அதற்கு ஒரு முறை இருக்கிறது. கணக்கெடுப்பவர் வீடு வீடாகப் போய் அங்குள்ள பெண்ணிடம் அவள் கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்பார். உன் தாய் எத்தனை பிள்ளை பெற்றாள்? யார் யார் உயிரோடு இருக்கிறார்கள்? இறந்த அக்கா எந்த வயதில் இறந்தாள்? அப்போது கர்ப்பமாக இருந்தாளா, பிரசவத்தில் இறந்தாளா, பிள்ளை பெற்று இரண்டு மாதத்துக்குள் இறந்தாளா? ஆயிரக்கணக்கான பெண்களின் பதில்களைச் சேர்த்தால் நாட்டின் விகிதம் வந்துவிடும். கூடப்பிறந்தவர்களை வெட்டிக் கொன்ற நாட்டில், சில ஆண்டுகளே கழிந்த நிலையில் இந்தக் கேள்விகளைக் கேட்டவர்களையும் பதில் சொன்னவர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். புள்ளிவிவரம் என்றால் வறண்டது என்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஆய்வு தந்த எண்: ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,071 மரணங்கள். ஏறக்குறைய 93 பிரசவத்துக்கு ஒரு தாய். அன்று ருவாண்டாப் பெண் சராசரியாக ஐந்தாறு பிள்ளை பெற்றாள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஒரு பெண்ணின் ஆயுளில் அந்த ஆபத்து எத்தனை முறை வந்துபோனது என்று புரியும்.

நாட்டின் கிழக்கே ருவின்குவாவு என்ற ஊரில், பெல்ஜியச் சுரங்க நிறுவனம் ஒன்று தன் ஆட்களுக்காகக் கட்டிய மருத்துவமனை ஒன்று இருந்தது. 1994க்குப் பிறகு அது பாழாய்க் கிடந்தது. 2005இல் அரசும், ஹைட்டியில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துப் பெயர்பெற்ற பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து அதைத் திறந்தன. அந்த நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் ஃபார்மர் என்ற அமெரிக்க மருத்துவர் குடும்பத்தோடு ருவாண்டாவுக்கே வந்து தங்கினார்.

பாழடைந்த மருத்துவமனையைத் திறப்பது என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பது என்று நினைப்போம். இரவு இரண்டு மணிக்கு ஒரு சிசேரியன் செய்ய என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் வேலை எவ்வளவு என்று தெரியும். தியேட்டரில் விளக்கு எரிய வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். கத்தரிக்கோலும் கவ்விகளும் 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரமாவது வெந்திருக்க வேண்டும். அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். அறுப்பவர் வேண்டும். பிறந்த பிள்ளை மூச்சுவிடாவிட்டால் முகத்தில் பை வைத்து ஊத ஒருவர் வேண்டும். இரத்தம் வேண்டும். இதில் ஒன்றே ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. போருக்குப் பிறகு நன்கொடையாக வரும் கருவிகள் பல ஊர்களில் துருப்பிடித்துக் கிடப்பதற்கும் இதுவே காரணம். கருவி கொடுப்பவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். டீசலுக்கும் சம்பளத்துக்கும் கொடுப்பவர்தான் அரிது.

அறுப்பவர் யார் என்பது தனிக் கேள்வி. 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போரில் சிக்கிய மொசாம்பிக், மகப்பேறு நிபுணர்கள் வரும்வரை காத்திருக்கவில்லை. மருத்துவப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களை எடுத்து 1984 முதல் அறுவை சிகிச்சை செய்யப் பழக்கியது. பின்னாளில் கிராமப்புற மருத்துவமனைகளில் நடக்கும் பெரிய மகப்பேறு அறுவைகளில் பத்தில் ஒன்பதை அவர்களே செய்தார்கள். மருத்துவர்கள் செய்ததற்கும் அவர்கள் செய்ததற்கும் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை என்று ஆய்வுகள் காட்டின. ருவாண்டா வேறு வழியில் போனது. மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியனைப் பெரும்பாலும் செய்வது நிபுணர்கள் அல்ல, சாதாரண எம்.பி.பி.எஸ். தரத்து மருத்துவர்கள். வளர்ந்த நாடுகளின் மருத்துவச் சங்கங்களுக்கு இதெல்லாம் உவப்பாக இருக்காது. ஆனால் சிக்கிய பிள்ளைக்குக் கெடு மூன்று நாள்தான், நிபுணர் உருவாகப் பத்தாண்டு ஆகும்.

வடக்கே, உகாண்டா எல்லையை ஒட்டி, எரிமலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது புரேரா மாவட்டம். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள். மாவட்ட மருத்துவமனை என்று சொல்லும்படி அன்று ஒன்றும் இருக்கவில்லை. அங்கே புட்டாரோ என்ற ஊரின் குன்றின்மேல் புதிதாக ஒன்று எழுப்புவது என்று முடிவாயிற்று. வடிவமைத்தது மாஸ் டிசைன் குரூப். பால் ஃபார்மரின் உரை ஒன்றைக் கேட்டுவிட்டு, ‘உங்கள் மருத்துவமனைகளை எந்தக் கட்டடக் கலைஞர் வரைகிறார்?’ என்று போய்க் கேட்ட மைக்கேல் மர்ஃபி என்ற மாணவரும் அவர் தோழர்களும் தொடங்கிய குழு அது. மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்த இயந்திரம் கொண்டுவராமல் ஊர் மக்களையே மண்வெட்டியோடு இறக்கினார்கள். கூலி ஊருக்குள்ளேயே தங்கியது. உழவர்கள் இடைஞ்சல் என்று வயல் ஓரத்தில் அள்ளிப் போட்டிருந்த எரிமலைக் கருங்கல்லைச் செதுக்கிச் சுவர் வைத்தார்கள். உள்ளூர்க் கொத்தர்கள் கல்லோடு கல் பொருந்த, இடையில் சாந்து தெரியாமல் அடுக்கும் கலையை அந்த வேலையிலேயே கற்றுத் தேர்ந்தார்கள். 2011 ஜனவரியில் சுமார் 150 படுக்கையோடு அது திறக்கப்பட்டது.

அங்கே கல்லைவிட எனக்குப் பிடித்தது காற்று. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் தெற்கே போக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெர்ரி என்ற கிராமத்து மருத்துவமனையில், மருந்துகளுக்கு அடங்காத காசநோய் 53 பேருக்கு வந்தது என்றும் அவர்களில் 52 பேர் இறந்தார்கள் என்றும் 2006இல் தெரியவந்தது. அவர்களில் பலருக்கு நோய் ஒட்டியது மருத்துவமனையில்தான். காசநோயாளி இருமும்போது வெளிவரும் துளிகள் மைக்ரான் அளவுக்குச் சுருங்கி, கீழே விழாமல் மணிக்கணக்கில் மிதக்கின்றன. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணியும், பச்சைக் குழந்தையும், இருமும் நோயாளியும் ஒரே இடுக்கு நடையில் வரிசையில் உட்கார்ந்திருந்தால் நலம் தேடி வந்த இடமே நோய் தரும்.

புட்டாரோவில் உட்புற நடைகளே கிட்டத்தட்ட இல்லை. ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் வெளியே, கூரை போட்ட திறந்த தாழ்வாரம் வழியாகப் போக வேண்டும். காத்திருப்பதும் வெளியேதான். வார்டின் கூரை உயரம். கீழே ஒரு பக்கம் ஜன்னல், மேலே எதிர்ப்பக்கம் ஜன்னல். சூடான காற்று மேலே ஏறி வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழைகிறது. மெதுவாகச் சுற்றும் பெரிய மின்விசிறிகள் அறைக் காற்றைக் கூரையருகே கொண்டுபோகின்றன. அங்கே பொருத்திய புறஊதா விளக்குகள் கிருமிகளின் மரபுப்பொருளைச் சிதைத்துப் பெருகவிடாமல் செய்கின்றன. படுக்கைகளைச் சுவரோரம் ஜன்னலுக்குக் கீழே போடாமல் அறையின் நடுவே ஒரு தாழ்ந்த சுவரின் இரு பக்கமும் போட்டிருக்கிறார்கள். படுத்திருப்பவர் எதிரில் இருக்கும் நோயாளியைப் பார்ப்பதில்லை. ஜன்னல் வழியே மலையைப் பார்க்கிறார்.

திறந்த ஜன்னல் இயந்திரக் காற்றோட்டத்துக்கு ஈடாகுமா என்ற ஐயம் நியாயமானது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் அளந்து பார்த்து 2007இல் எழுதினார்கள். இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறையில் காற்று மணிக்குப் பன்னிரண்டு முறை முழுதாக மாறியது. ஜன்னலைத் திறந்துவிட்ட அறையில் 28 முறை. 1950க்கு முன் கட்டிய, கூரை உயர்ந்த, ஜன்னல் அகன்ற பழைய வார்டுகளில் 40 முறை. நம் ஊர்களில் பிரிட்டிஷ் காலத்து அரசு ஆஸ்பத்திரிக் கட்டடங்களை இடித்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிகளை எழுப்புகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்த்தால் நல்லது.

சரி, அழகான மருத்துவமனை எழுந்தாயிற்று. கர்ப்பிணி அங்கே வர வேண்டுமே. 2005இல் ருவாண்டாவில் மருத்துவ நிலையத்தில் நடந்த பிரசவம் நூற்றுக்கு 28தான். 2010இல் அது 69. 2015 வாக்கில் 91. ஐந்து ஆண்டில் 28 எப்படி 69 ஆகும்? இதற்கு ஒரே விடை இல்லை. ஒவ்வொரு விடையும் மூன்று தாமதங்களில் ஏதோ ஒன்றைத் தொடுகிறது.

முதலில் பணம். ‘மியூட்டுவெல்’ எனப்படும் சமூகக் காப்பீட்டில் ஒருவர் ஆண்டுக்கு ஆயிரம் ருவாண்டா ஃபிராங்க், அதாவது அன்றைக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகக் கட்டினால் போதுமாக இருந்தது. 2010 வாக்கில் பத்தில் ஒன்பது பேர் அதில் இருந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆட்டை விற்பதா வேண்டாமா என்று வீட்டில் நடக்கும் பேச்சு குறைந்தது. இன்னொரு பக்கம், சுகாதார நிலையத்துக்கும் ஊக்கத்தொகை. தங்களிடம் நடக்கும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலரை டாலர் அளவுக்கு நிலையத்துக்குக் கிடைத்தது. அந்தத் திட்டத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, பணம் இப்படிக் கொடுத்த நிலையங்களில் பிரசவங்கள் 23 சதவீதம் கூடியிருந்தன.

அடுத்து ஆள். நாட்டில் ஏறக்குறைய பதினைந்தாயிரம் கிராமங்கள். அன்று ஒவ்வொன்றிலும் ஊரார் கூடித் தேர்ந்தெடுத்த மூன்று சுகாதாரப் பணியாளர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக் கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் மட்டுமே பொறுப்பு. மொத்தம் 45,000 பேர். 2009இல் முசான்ஸே மாவட்டத்தில் அவர்கள் கையில் கைபேசி கொடுத்து ரேபிட்எஸ்எம்எஸ் என்ற முறையைத் தொடங்கினார்கள். ஊரில் ஒருத்தி கருவுற்றால் ஒரு குறுஞ்செய்தி. அவளுக்குப் பரிசோதனை நாள் நெருங்கினால் பணியாளருக்கு ஒரு நினைவூட்டல். இரத்தம் படுகிறது, வலிப்பு வருகிறது என்றால் ஓர் அபாயச் செய்தி. அது சுகாதார நிலையத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒரே நேரத்தில் போகும். சில ஆண்டுகளில் நாடு முழுவதும் அது பரவியது. சாலைக்கு எட்டாத குன்றுகளில் மூங்கிலால் பின்னிய ‘இங்கோபி’ என்ற தூக்குக் கட்டிலில் நாலு பேர் தோள் கொடுத்துக் கர்ப்பிணியைச் சுமந்து வருவார்கள். நம் மலைக்கிராமங்களில் டோலி கட்டுவது போல. இப்படிச் சுமப்பதற்கென்றே ஊருக்கு ஊர் சங்கங்கள் இருந்தன. குறுஞ்செய்தி முறை வந்த பிறகு அந்த நாலு பேர் ஆஸ்பத்திரி வரை சுமக்க வேண்டியதில்லை, ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சாலைவரை சுமந்தால் போதும்.

எல்லாமே இனிப்பாக நடந்துவிடவில்லை. மேலே ஓர் உத்தரவு பிறந்தால் கடைக்கோடிக் கிராமம்வரை அப்படியே இறங்கும் அரசு அது. வீட்டில் பிள்ளை பெற்றவர்களுக்குச் சில இடங்களில் அபராதம் போட்டார்கள். மருத்துவச்சிகள் பிரசவம் பார்ப்பது தடுக்கப்பட்டது. உயிர் பிழைத்ததா இல்லையா என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் இதை ஏற்கலாம். ஏழைப் பெண்ணிடம் அபராதம் வாங்கி அவளைக் காப்பாற்றுவதை என்னால் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை.

வந்து சேர்ந்தவளுக்கு அங்கே மருந்து வேண்டும். அந்த மருந்துகள் பலவும் வியக்கத்தக்க அளவு எளியவை. பேறுகால வலிப்புக்கு உலகிலேயே சிறந்த மருந்து மெக்னீசியம் சல்ஃபேட். பேதிக்குக் கொடுப்பார்களே, அதே பேதி உப்புதான், ஊசிக்கேற்பத் தூய்மை செய்தது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த சுமார் பத்தாயிரம் பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரத்தக் கொதிப்பு ஏறிய கர்ப்பிணிக்கு வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே போனது. எப்படி வேலை செய்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்கு இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும். அதைக் கண்காணிக்கப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். முழங்காலில் ரப்பர் சுத்தியால் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று பார்ப்பது, மூச்சை எண்ணுவது, சிறுநீரை அளப்பது, இவ்வளவுதான். கவனமுள்ள ஒரு செவிலியர் போதும்.

ஆக்ஸிடோசின் கதை கொஞ்சம் சிக்கல். பிள்ளை பிறந்ததும் ஓர் ஊசி போட்டால் சோர்ந்த தசை இறுகிவிடும். ஆனால் அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மின்சாரம் தடுமாறும் ஊரில் குளிர்பெட்டி நின்றுபோனால் மருந்து மெல்ல வீரியம் இழக்கும். குப்பியைப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. செவிலியர் சரியான நேரத்தில் சரியான ஊசிதான் போட்டிருப்பார், இரத்தம் மட்டும் நிற்காது. வெப்பம் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்தைப் பத்து நாடுகளில் ஏறக்குறைய முப்பதாயிரம் பெண்களிடம் ஆராய்ந்து, ஆக்ஸிடோசினுக்கு இளைத்ததில்லை என்று 2018இல் அறிவித்தார்கள். குளிர்பெட்டி இல்லாத ஊர்களுக்கு இதைவிடப் பெரிய நல்ல செய்தி அந்த ஆண்டு வந்திருக்காது.

ஊசிக்கும் நிற்காவிட்டால் இரத்தம் ஏற்ற வேண்டும். சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம், தட்டணுக்களை ஐந்தே நாள். ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் எல்லாச் சிறு மருத்துவமனையிலும் இருப்பு வைத்தால் பாதி கெட்டுப்போகும். வைக்காவிட்டால் தேவையான நாளில் இருக்காது. முன்பெல்லாம் வண்டி எடுத்துக்கொண்டு இரத்த வங்கிக்குப் போய்த் திரும்புவார்கள். மலைச்சாலையில் அதற்கே அந்த இரண்டு மணி நேரம் போய்விடும். 2016 அக்டோபரில் முஹாங்கா என்ற ஊரிலிருந்து ஸிப்லைன் நிறுவனம் ஆளில்லா விமானங்களில் இரத்தம் அனுப்பத் தொடங்கியது. கவண்போன்ற தண்டவாளத்திலிருந்து எய்யப்படும் சிறு விமானம் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் குன்றுகளுக்கு மேல் பறந்து, மருத்துவமனை முற்றத்தில் காகிதப் பாராசூட் கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டுத் தரையிறங்காமலே திரும்பும். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இரத்த அனுப்புதல்களைப் பார்த்த ஓர் ஆய்வு, சராசரி ஐம்பது நிமிடத்தில் இரத்தம் வந்து சேர்ந்ததையும், சாலை வழியைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமானதையும், கெட்டுப்போகும் இரத்தம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததையும் காட்டியது. விமானம் பறக்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த ஆய்வு அளந்தது நேரத்தையும் வீணாகும் இரத்தத்தையும்தான்; அதனால் இத்தனை தாய்மார் பிழைத்தார்கள் என்று அது சொல்லவில்லை. நாடு முழுவதும் விரிந்த கிராமப் பணியாளர் படை படத்துக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது. எனக்கென்னவோ, பெரிய வேலை அங்கேதான் நடந்தது என்று தோன்றுகிறது.

எல்லாம் சேர்ந்து என்ன ஆயிற்று? 2000இல் 1,071 ஆக இருந்த விகிதம் 2005இல் 750, 2010இல் 476, 2015 வாக்கில் 210.  புட்டாரோவில் 2012இல் புற்றுநோய் மையம் வந்தது. 2019இல் மருத்துவப் பல்கலைக்கழக வளாகமே திறக்கப்பட்டது. பால் ஃபார்மர் 2022 பிப்ரவரியில் இறந்ததும் அந்த ஊரில்தான், கடைசி வாரங்களில்கூட மருத்துவமனையில் மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு இறக்கம் கிட்டத்தட்ட நின்றுபோனது. 2020 ஆய்வில் விகிதம் 203. ஐந்து ஆண்டில் ஏழே புள்ளி. முதல் இரண்டு தாமதங்களையும் நாடு பெருமளவு வென்றுவிட்டது. அந்த ஆய்வில் நூற்றுக்கு 93 பேர் மருத்துவ நிலையத்தில்தான் பிள்ளை பெற்றிருந்தார்கள். எஞ்சியிருப்பது மூன்றாவது. ஒவ்வொரு தாய் மரணத்தையும் விசாரித்துக் காரணம் எழுதும் வழக்கத்தை ருவாண்டா கொண்டுவந்திருந்தது. 2009 முதல் 2013 வரை விசாரித்த ஏறக்குறைய ஆயிரம் மரணங்களைத் தொகுத்துப் பார்த்தபோது முதலிடத்தில் இருந்தது பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு. பாதிக்கும் மேற்பட்ட மரணங்களில் கவனிப்பில் ஏதோ குறை இருந்தது. அதாவது தாய் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். கெடுவின் மிச்சம் மருத்துவமனைக்குள் வீணாயிற்று.

வீணாவதற்கு ஒரு காரணம் கண். படுக்கையில் பரவிய இரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் அனுபவமுள்ள செவிலியர்கூடப் பல வேளை உண்மை அளவில் பாதியைத்தான் சொல்வார். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2023இல் வந்தது. தாயின் கீழே கோடு போட்டு அளவு குறித்த ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார்கள், இரத்தம் அதில் வழிந்து சேரும். அரை லிட்டர் கோட்டைத் தொட்டதும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் வயிற்றைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், ட்ரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். முன்பு இரத்தப்போக்கில் பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள். விரிப்பு வந்தபின் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடிபட்டது. கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து ஒன்றுகூட இல்லை. ஆனால் விரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும், நள்ளிரவிலும்.

அந்த ஆள்தான் இன்னும் போதவில்லை. ருவாண்டா சுகாதார அமைச்சகம் 2023இல், நான்கு ஆண்டுகளில் சுகாதாரப் பணியாளர் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கும் திட்டத்தை அறிவித்தது. 2030க்குள் உலகின் தாய் மரண விகிதம் 70க்குக் கீழே வர வேண்டும் என்பது உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு. அந்த அளவை எட்ட வேண்டுமானால் ருவாண்டா 2020 ஆய்வில் இருந்த 203ஐ மூன்றில் இரண்டு பங்கு குறைத்தாக வேண்டும்.